ரிப்பனுக்கு இந்தப் பக்கம்

ராயபுரத்தில் கடலோரமாக இருந்த பழைய கிடங்குகளை இடித்துவிட்டு, நடைபாதை, நீரூற்று, சிமெண்டில் ரெண்டு டால்பின் என்று ஒரு கூத்து நடத்தினார்கள். இனி இது சிங்கப்பூராம், தட்டியில் எழுதியிருந்தது. சிங்கப்பூர்க்காரன் எங்களைப் போலத் துறைமுகத்து நிலக்கரித் தூசி தின்கிறானா என்று எனக்குத் தெரியாது. வெள்ளை டால்பின் ரெண்டே வாரத்தில் எருமைக்கன்று நிறத்துக்கு வந்துவிட்டது. திறப்பு விழாவுக்காக முந்தின நாள் மறுபடியும் வெள்ளை அடித்தார்கள்.

அந்த முந்தின நாள்தான் அப்பா போய்ச் சேர்ந்தார். அதே கிடங்குகளில் மூட்டை தூக்கி முதுகு வளைந்த மனுஷன். எங்கள் சந்தின் மறுமுனையை அழகுக்காகச் சுவர் வைத்து அடைத்திருந்தார்கள். சுடுகாட்டுக்குப் போகப் புதுச் சாலை ஒன்றுதான் வழி. அதன் வாயில் சிவப்பு ரிப்பன்.

"பத்து மணிக்குத் தலைவர் வந்துடுவார். அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று மறுநாள் காலையில் வந்து சொன்னார் விழாப் பொறுப்பில் இருந்த அதிகாரி. பிணம் எப்படி அட்ஜஸ்ட் பண்ணும்? சந்து முனையில் ரெண்டு போலீஸ்காரர்களையும் நிறுத்தினார். மணி பன்னிரண்டாயிற்று, இரண்டாயிற்று. ஐஸ் கட்டி உருகிச் சந்தில் ஓடியது. ஊதுவத்தியை மீறி வாடை வந்தது. அம்மா முந்தானையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பாவோடு மூட்டை தூக்கிய மாமா எழுந்தார். "இன்னாடா பாத்துகினு கீறே? தூக்கு நைனா!"

கொள்ளிச்சட்டியோடு நான் முன்னால் நடந்தேன். மேளம் காதைப் பிளந்தது. போலீஸ்காரர்கள் பாடையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி ஒதுங்கிவிட்டார்கள்.

அதிகாரி மட்டும் ஓடி வந்தார். பிணத்தின் முன்னால் நிற்கவும் பயம், ரிப்பனை அறுக்க விடவும் பயம். "ஒரு நிமிஷம், அவிழ்த்துடறேன்" என்று முடிச்சோடு மல்லுக்கட்டினார். எங்கே அவிழ்கிறது!

"நகருய்யா, நாங்க போய்க்கினே இருப்போம்" என்றார் மாமா.

கடைசியில், தலைவருக்கென்று வெல்வெட் தட்டில் வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து அதிகாரியே வெட்டினார்.

பிரியாணிப் பொட்டலத்துக்காக லாரியில் கூட்டிவரப்பட்ட ஜனம் காலையிலிருந்து பந்தலில் வெந்துகொண்டிருந்தது. ரிப்பன் அறுந்ததும் பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கைதட்ட, மொத்தப் பந்தலும் சேர்ந்து தட்டியது. அதிகாரி கையை ஆட்டி ஆட்டித் தடுத்தார். யார் கேட்டார்கள்? வாழ்நாளெல்லாம் வசவு மட்டுமே வாங்கிய என் அப்பா, அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்ட, அந்தச் சாலையில் முதல் ஆளாகப் போனார்.