கோவித்துக்கொள்ளாத மாப்பிள்ளை

மாலை நான்கு பத்து. புதுச்சத்திரம் டீக்கடையில் மின்விசிறி ஒரு கணம் தொய்ந்து, மறுபடி வேகம் பிடித்தது. கடையில் யாரும் நிமிரவில்லை. நான் மட்டும் சோளக்காட்டுக்கு அப்பால் நிற்கும் காற்றாலையை எட்டிப் பார்த்தேன். சுற்றிக்கொண்டிருந்தது. வேலையை விட்ட பிறகும் கழுத்து அந்தப் பக்கமே திரும்புகிறது.

எங்கோ ஒரு தென்னை மட்டை மின்கம்பியில் விழுந்திருக்கும். லைனில் மின்னழுத்தம் கண்ணிமைக்கும் நேரம் சரியும். அந்தக் காலத்துக் காற்றாலைக்கு அது போதும். தன் உடம்புக்கு ஏதாவது ஆகிவிடுமென்று லைனை விட்டுக் கழன்று நின்றுவிடும். உதவி வேண்டிய நேரத்தில் எல்லாக் காற்றாலைகளும் இப்படிக் கழன்றால், சின்னச் சரிவு பெரிய இருட்டாகும். ராசிபுரம் வரை தறி நிற்கும். தறிக்காரர்கள் காற்றாலைக் கம்பெனி ஆட்களான எங்களுக்குச் சூட்டிய பெயர்களை அச்சில் போட முடியாது.

நின்றதைத் திரும்ப ஓட்டுவதுதான் ஆபரேட்டர் செல்வராஜின் வேலை. அவர் அதை மாப்ள என்பார். பந்தியில் அப்பளம் நொறுங்கியிருந்தாலே எழுந்து போகிற ரகம். ஓட்டுவதற்கு முன் சென்னை அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பெண் போனை எடுத்தார்.

“மாப்ள கோவிச்சுக்கிட்டு நிக்கறாருங்க. சமாதானம் பண்ணிக் கூட்டியாரட்டுங்களா?”

“தாராளமா பண்ணுங்க சார். ஃபேமிலிதான் முக்கியம். ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க.”

மேலிடம் சொன்னால் செல்வராஜ் தட்டமாட்டார். எடுத்துக்கொண்டார். இரண்டு நாளும் நல்ல காற்று. விசாரணைக்கு அனுப்பப்பட்டவன், பொறியாளர் என்ற பெயரில் சுற்றிக்கொண்டிருந்த நான்.

கடைக்காரர் கல்லாவுக்குக் கற்பூரம் காட்டினார். காற்றாலைக்குப் புதுப் பெட்டி வந்த அன்றும் இதே வாசனைதான். சரிவு வந்தாலும் காற்றாலை லைனை விடக்கூடாது, தாங்கிக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்திருந்தது. அதற்காக பீரோ அளவில் ஒரு பெட்டியைப் பொருத்தினோம். செல்வராஜ் அதற்கு மாமனார் என்று பெயரிட்டு, சூடம் கொளுத்தினார். சூடத்துக்குக் காரணம் இருந்தது. இனியும் கழன்றால் காற்றாலையை மூடிவிட்டு, அவரைத் தெற்கே கயத்தாறு காற்றாலைகளுக்கு மாற்றுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

“தறிய உட்டுப்போட்டு எங்கூட்ல வரமாட்டாங்க சார். நான் அங்க தனியா என்னத்தப் பொங்கித் திங்கறது?”

ஒரு மழை மாலையில் இடி இறங்கியது. ஆபரேட்டர் அறையில் விளக்கு மங்கியது. இருவரும் ஜன்னலுக்கு ஓடினோம். இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது. விளக்கு தெளிந்தது.

“பந்தியிலேயே உக்காந்துட்டாருங்க,” என்றார் செல்வராஜ்.

வீட்டிலிருந்து அவர் மனைவி போன் செய்தார். “ஏனுங்க, இந்த இடிக்கும் தறி நிக்கவே இல்லீங்க.”

அன்று பஜ்ஜி அவர் செலவு.

கழலாத காற்றாலைக்கு ஆள் எதற்கு என்று, சென்னையிலிருந்தே திரையில் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். ஆபரேட்டர் அறை இருந்த இடத்திலும் இப்போது சோளம் நிற்கிறது. செல்வராஜ் கயத்தாறில் இருக்கிறார்.