நசுங்காத நாலு எலுமிச்சம்பழம்

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனிடம் அரசாங்கப் படிவத்தைக் கொடுக்கக் கூடாது. போன செவ்வாய்க்கிழமைதான் எனக்கு இது உறைத்தது... காலம் கடந்து.

ஜமால் பாயை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் டீசல் மெக்கானிக். லாரி, டிராக்டர், பம்புசெட் — டீசல் குடிக்கிற எதுவும் அவர் கைக்குக் கட்டுப்படும். நாற்பது வருஷம் புகைக்குள் நின்றதில் நெஞ்சு கெட்டுவிட்டது. பட்டறையை மூடச் சொல்லிவிட்டார் டாக்டர். "சரி, கடைசியா ஒண்ணு" என்று பாய் பிடித்துக்கொண்டதுதான் அந்த ரயில் எஞ்சின்.

ராஜபாளையத்தில் ஓட்டம் நின்றுபோன ஒரு மில்லுக்குள் அது நிற்கிறது. சின்ன டீசல் எஞ்சின். ஒரு காலத்தில் ஸ்டேஷனிலிருந்து பஞ்சு வேகன்களை மில்லுக்குள் இழுத்து வந்தது. அதைக் காட்சிக்கு வைத்து, விசேஷ நாட்களில் மட்டும் வளாகத்துக்குள் ஓட்டலாம் என்று மில்காரர்களுக்கு ஆசை. பாய்க்கு அதைவிடப் பெரிய ஆசை — ஒரே ஒரு தடவை தன் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்காக ஒன்றரை வருஷம் இருமிக்கொண்டே வேலை பார்த்தார்.

ஓட்ட அனுமதி வேண்டுமே? படிவம் வந்தது.

"நமக்கு எழுத்து வராது, அண்ணாச்சி. நீங்க பத்திரிகையில எழுதுறவுக. நல்லா எழுதிக் குடுங்க" என்றார் பாய்.

நல்லா எழுதினேன்! 'செய்யப்பட்ட பராமரிப்பு' என்பதற்கு எதிரே ஒரு வரிக்குத்தான் இடம். எனக்குப் போதுமா? தனியாக இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன். புது பிஸ்டன், புது லைனர், புது பம்ப்... கோயம்புத்தூரில் கடைந்து வாங்கியது எது, பாயே அரத்தால் ராவி உட்கார வைத்தது எது — அவர் சொல்லச் சொல்ல ஒன்றையும் விடவில்லை. 'இப்போது இது புதிய எஞ்சினுக்கு நிகரானது' என்று முத்தாய்ப்பு வேறு. வாசித்துக் காட்டியபோது பாய் முகத்தில் அப்படியொரு வெட்கம்.

செவ்வாய்க்கிழமை, புகையைச் சோதிக்க ஓர் இளம் பெண் அதிகாரி வந்தார். சோதனை முடிந்ததும் ஓட்டிவிடலாம் என்று பாய் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். எஞ்சின் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. லேசான சாம்பல் புகை, அவ்வளவுதான்.

அதிகாரி கருவியை வைத்துப் பார்த்தார். குறித்துக்கொண்டார். பிறகு என் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"சார், பழைய எஞ்சின் பழசாவே இருந்தா விலக்கு உண்டு. பாரம்பரிய வண்டின்னு வருஷத்துல சில நாள் ஓட்டலாம். இதுல உள்ள எல்லாத்தையும் மாத்தியிருக்கீங்க. விதிப்படி இது புது எஞ்சின். புது எஞ்சினுக்கு உள்ள அளவைவிடப் புகை அதிகமா இருக்கு."

"முன்ன கருகருன்னு தள்ளும் மேடம். நான் கொறச்சிருக்கேன்" என்றார் பாய்.

"தெரியுதுங்க. ஆனா குறைச்சதுக்குன்னு விதியில தனி இடம் இல்லையே." அவருக்கும் வருத்தம்தான்.

ஃபில்டர் மாட்டினால்? அது எஞ்சின் கூட்டுக்குள் அடங்காது. கூட்டை வெட்டிவிட்டால் பிறகு எதைக் காட்சிக்கு வைப்பது?

மில் மேனேஜர் ராஜு மெல்ல வந்து பாயின் காதைக் கடித்தார். "பாய், கழட்டுன பழைய சாமானெல்லாம் சாக்குல கெடக்குல்ல? அதையே திரும்பப் போட்ருங்க. பழைய எஞ்சின் ஆயிரும். ஓட்டிரலாம்."

எனக்கு மனசு துள்ளியது. கரும்புகை கக்கினால் ஓடலாம் என்றால் கக்கட்டுமே!

பாய் பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்துவிட்டது. எஞ்சினைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அடங்க நேரமாயிற்று.

"வேணாம், ராஜு. அந்தப் புகை எம்புட்டுன்னு எனக்குத் தெரியும். நான் குடிச்சது போதும். வேடிக்கை பாக்க வார சனத்துக்கும் குடுக்கணுமா?"

எனக்கு அழுகை முட்டியது. யாரைத் திட்டுவது? அந்தப் பெண்ணையா? காகிதத்தில் இருந்ததைத்தான் அவர் படித்தார். விதியையா? அது நாற்பது வருஷத்துக்கு முன்பே வந்திருந்தால் பாய்க்கு இந்த இருமலே இருந்திருக்காது. 'பழுது பார்க்கப்பட்டது' என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தால்? பொய்யும் இல்லை. திட்டுவதற்கு மிச்சம் இருந்தது நான்தான்.

பாய் எஞ்சினை நிறுத்தினார். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்கப் புகைக்குழாய் வாயில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தார். பிறகு சக்கரங்களுக்கு அடியில் கைவிட்டு நாலு எலுமிச்சம்பழத்தையும் பொறுக்கினார்.

"மேடம் வெயில்ல வந்திருக்காக. ஜூஸ் போட்டுக் குடுப்போம்."

எல்லாரும் குடித்தார்கள்.

நேற்று பட்டறைக்குப் போய் இந்தப் பத்தியைப் பாயிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான், அண்ணாச்சி. இதையும் கொஞ்சம் நீளமாத்தான் எழுதிட்டீக."