ஃபில்டர் மறைத்த எண்கள்

காலை 7.40. கேமராத் திரையில் முதலில் தெரிந்தது, மீட்டர் கண்ணாடியில் பளபளத்த டியூப்லைட். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஆலைகளில் பாதுகாப்பு ஆய்வுக்காகப் படமெடுப்பது என் வேலை. அந்தப் பளபளப்பை நீக்க, அன்று மாலையே லென்ஸின் முன் மாட்டும் போலரைசிங் ஃபில்டர் வாங்கினேன். லென்ஸ் மூடியின் உட்புறத்தில் இருந்த 67 என்ற அளவைச் சொல்லிக் கேட்டேன். கடையின் கண்ணாடிக் கதவில் சோதித்தேன், பளபளப்பு மறைந்தது.

மறுநாள் இரும்பாலையில் முப்பது மீட்டர்களை எடுத்து, பெரிதாக்கிப் பார்க்காமல் அனுப்பினேன். மாலையில் ஆலை மேலாளர் அழைத்தார். மற்றவை முள் மீட்டர்கள்; உலையின் டிஜிட்டல் வெப்ப மீட்டர் மட்டும் படத்தில் கறுப்பாக இருந்தது. மீட்டர் செத்துக் கிடந்தபோது பதிவேட்டில் பொய்யளவு எழுதி, பிறகு மீட்டரைச் சரிசெய்து மறைத்ததாக ஆபரேட்டர் ஏழுமலையை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்.

நேரில் போனேன். கேட்டருகே ஏழுமலை நின்றிருந்தார். "பாத்துத்தான் சார் எழுதினேன். நம்பரு இன்னா, கனவுலயா வந்துச்சி?"

மேலாளர் முன்னால் ஃபில்டரை மீட்டருக்கு நேராகப் பிடித்துத் திருப்பினேன். எண்கள் மறைந்தன, மறுபடி தெரிந்தன. எல்சிடி திரையின் ஒளியை இந்த ஃபில்டர் ஒரு கோணத்தில் முழுதாகத் தடுத்துவிடும்.

"அட, உங்க கண்ணாடி பண்ண பேஜாரா இது!" என்றார் ஏழுமலை.

இப்போது டிஜிட்டல் மீட்டரை ஃபில்டரைக் கழற்றிவிட்டே எடுக்கிறேன். ஃபில்டர் வாங்குபவர்கள் கடையிலேயே கைபேசித் திரைக்கு முன் பிடித்துத் திருப்பிப் பாருங்கள்.

ஏழுமலை மறுநாள் வேலைக்கு வந்தார். உலைக்கு வேறு ஆள் போட்டிருந்ததால், அவரை லாரியில் சரக்கேற்றும் லோடிங் வேலைக்கு அனுப்பினார்கள்.