ஏலத்தில் வந்த போர்வை

என் கணவர் சவுதிக்குப் போன வருஷம், அவர் விட்டுப்போன சட்டைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கத் தொடங்கினேன். பாதியில் அலுத்து அலமாரியில் போட்டது, அவர் வேலையை விட்டு ஊருக்கே திரும்பிவந்த பிறகுதான் முடிந்தது. ஆளே வீட்டில் இருக்கும்போது அவருடைய பழைய சட்டைகளைப் போர்த்திக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரிடம் காட்டாமலே எங்கள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன்.

பண்டிகையன்று மரச்சீனிக் கிழங்கும் வாழைக்குலையும் ஏலம் போன பிறகு போர்வையைத் தூக்கிக் காட்டினார்கள். விடாமல் ஏலம் கேட்டு அதை எடுத்தவர் என் கணவர். பெண்கள் பக்கம் இருந்த எனக்குத் தடுக்க வழியில்லை.

"ஏட்டி, ஒனக்காக்கும் எடுத்தேன். ஆரு தச்சதோ, நல்ல தையல்."

"இந்தத் துணிய எங்கயாவது பாத்திருக்கியளா?"

தடவிப் பார்த்தார். அவர் ஓயாமல் போட்ட நீலக்கட்டச் சட்டை விரலுக்கடியில்தான் இருந்தது.

"பழைய துணியாக்கும். ஆனா நல்ல துணி."

சொல்லிவிடலாம் என்று தினமும் வாயெடுக்கிறேன். தன் சட்டையையே மறந்துபோனவர், அங்கே இருந்த அத்தனை பொருளிலும் அதைத்தான் எனக்கென்று கேட்டு எடுத்தார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.