ஏன் சுடவில்லை என்று கேட்டவர்கள்

என் கணவர் பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். அதை எங்கள் வீட்டில் 'கடை வேலை' என்றுதான் சொல்வோம். ஜாகா வேலை, அதாவது காவல்காரன் வேலை, என்று யாராவது சொன்னால் அவர் திருத்த மாட்டார். ஆனால் முகம் கொஞ்சம் சுருங்கும். அதற்கு முன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பெரிய இரும்புப் பெட்டிகளில் சரக்கு வர ஆரம்பித்து, கப்பல்கள் எங்கள் தீவை விட்டு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் போனதும் மூட்டைக்கு ஆள் தேவைப்படவில்லை. முழங்காலும் போயிருந்தது. கோயில் திருவிழாவில் பழக்கமான நகைக்கடை முதலாளி, "உக்காந்து பாக்குற வேலைதான், வாங்க" என்று கூப்பிட்டார்.

துப்பாக்கி முதலாளியின் லைசென்சில் இருந்தது. ஒற்றைக் குழல். ஒவ்வொரு சாயங்காலமும் அதைக் கடையின் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் வருவார். ஒரு நாள்கூட அது எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது எங்கோ ஒரு மைதானத்தில் தகரத்தைக் குறி வைத்துச் சுடச் சொன்னார்களாம். அதற்குப் பிறகு அவர் சுட்டதே இல்லை. நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக்கு ரைபிள் ரேஞ்ச் என்று பெயர். சுடப் பழகும் இடம் என்று அர்த்தம். அதைச் சொல்லி மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பாயான் லெப்பாசில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து மயிரிழை போன்ற கம்பிகளைப் பார்க்கும் வேலை. பஸ்ஸில் இருந்து இறங்கும்போது எதுவும் சரியாகத் தெரியாது. அன்று இறங்கியபோது பிளாட்டின் கீழே பெண்கள் கூட்டமாக நிற்பது மட்டும் தெரிந்தது. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மலாய் மொழியில், "உன் புருஷனுக்கு ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை" என்றார். ஒன்றும் இல்லாததை ஏன் இரண்டு தடவை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே மாடிப்படி ஏறினேன்.

அவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் ஜீப்பில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சட்டையில் ரத்தம்.

"என்னோடது இல்ல," என்றார்.

நடந்ததை அவர் சொல்லி முடிக்கச் சில நாட்கள் ஆயின. ஒரே மூச்சில் சொல்ல அவரால் முடியவில்லை. மூன்று பேர் வாடிக்கையாளர்கள் மாதிரி உள்ளே போயிருக்கிறார்கள். கடையில் தீபாவளிக் கூட்டம். ஒருவன் மேலே பார்த்துச் சுட்டான். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற விற்பனைப் பையன் குனிந்தான். அபாய மணியை அழுத்தக் குனிகிறான் என்று நினைத்து அவனைச் சுட்டார்கள். பயந்து குனிந்தானோ என்னவோ, அது யாருக்கும் தெரியாது. என் கணவர் எழுந்து துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். விரலும் விசையில் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த சனம் முழுவதும் வாசலைப் பார்த்து, அதாவது அவரைப் பார்த்து ஓடிவந்தது. கொள்ளைக்காரர்கள் அந்தச் சனத்துக்குப் பின்னால். அந்தத் துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடித்தால் ரவை சிதறி அகலமாகப் போகும். அவர் சுடவில்லை. அவர்கள் சுட்டார்கள். வெளியே ஓடும்போது கூட்டத்துக்குள்ளேயே சுட்டுக்கொண்டு போனார்கள். நகை வாங்க வந்த ஒரு பெண்ணும், கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த, திரிஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் ஒருவரும் விழுந்தார்கள். பையனோடு சேர்த்துச் செத்தது மூன்று பேர். காயம்பட்டவர்கள் தனி. அந்தப் பெண்ணைத் தூக்கியபோது பட்டதுதான் சட்டையில் இருந்த ரத்தம்.

விசாரித்த இன்ஸ்பெக்டர் தமிழர். "நீங்க சுட்டு அது யாராவது பொதுமக்கள் மேல பட்டிருந்தா, இன்னைக்கு உங்களத்தான் உள்ள வச்சிருப்போம் அண்ணே," என்று சொன்னாராம். ஆறுதலாகச் சொன்னாரா, எச்சரிக்கையாகச் சொன்னாரா என்று இவருக்குப் புரியவில்லை.

முதல் வாரம் ஊரே எங்கள் வீட்டில்தான். வந்தவர்கள் பழம் கொண்டுவந்தார்கள், ஹார்லிக்ஸ் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்ததும் முதலில் "நல்ல வேளை, உங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்பார்கள். காப்பி குடித்து முடிக்கும் முன் அந்தக் கேள்வி வந்துவிடும். சிலர் நேராகக் கேட்பார்கள். சிலர் சுற்றி வளைப்பார்கள். "கையில சாமான் இருந்துச்சுதானே அண்ணே?" அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். கூட்டம், ரவை, சிதறும் என்று. கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு, "காலைப் பாத்து ஒண்ணு விட்டிருக்கலாம் லா" என்பார்கள். அவர் மறுபடியும் முதலில் இருந்து சொல்வார். இரண்டாவது வாரத்தில் "ஆமா, விட்டிருக்கலாம்" என்று சொல்ல ஆரம்பித்தார். அதோடு பேச்சு முடியும் என்று கண்டுபிடித்துவிட்டார்.

என்னிடம் அந்தக் கேள்வி தொழிற்சாலை கேன்டீனில் வரும். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே எதிரில் ஒருத்தி வந்து உட்காருவாள். பஸ்ஸில் டிரைவர் கேட்பார். கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது பின்னால் யாரோ யாரிடமோ, "அந்த ஜாகா பொண்டாட்டிதான் அது" என்பார்கள். கோபம் வரவில்லை. கோபப்பட வேண்டுமானால் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஷிப்ட் முடிந்து, சமைத்து, துவைத்து, வருகிறவர்களுக்குக் காப்பி கலக்கி, எனக்கு அது இருக்கவில்லை.

பத்திரிகைகளில் வாசகர் கடிதங்கள் வந்தபடி இருந்தன. வியாபாரிகள் எல்லாருக்கும் துப்பாக்கி கொடு என்று ஒருவர். இருக்கிற லைசென்ஸ் எல்லாவற்றையும் பிடுங்கு என்று ஒருவர். திருட்டுத் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்று சட்டம் இருக்கும்போதே இந்த நிலைமை, இன்னும் என்ன சட்டம் போடுவது என்று ஒருவர். எங்கள் கீழ்த்தளத்துக் கோப்பிக் கடையில் அந்தக் கடிதங்களை ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சண்டை போடுவார்கள். செத்துப்போன பையனின் வயதுகூட அவர்களுக்குத் தெரியாது. தாய்லாந்துப் பக்கமிருந்து துப்பாக்கி எந்த வழியாக வருகிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வியாபாரிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சட்டமன்ற உறுப்பினர் வருகிறார், நீங்களும் வந்து பின்னால் உட்காருங்கள் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். தனியாகப் போக அவருக்குத் தயக்கம். நானும் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மின்விசிறி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் ஒரு துணிக்கடைக்காரர் எழுந்தார். "ஒவ்வொரு கடைக்காரனுக்கும் பிஸ்டல் லைசென்ஸ் குடுங்க. ஜாகாவ நம்பி என்ன பிரயோசனம்? வாசல்ல ஒருத்தன் துப்பாக்கியோட உக்காந்திருந்தான், என்ன கிழிச்சான்?"

கை தட்டினார்கள். என் கணவர் முன் நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து ஒரு வக்கீல். "அந்த ஜாகாவையே பாருங்க. பழக்கம் உள்ள ஆளு, கையில துப்பாக்கி. அவராலேயே ஒண்ணும் செய்ய முடியல. அப்ப உங்க கையில குடுத்தா மட்டும் என்ன ஆகும்? கூட நாலு பேர் சாவாங்க."

அதற்கும் கை தட்டினார்கள். தட்டியவர்களில் சிலர் முதலிலும் தட்டியவர்கள். சட்டமன்ற உறுப்பினர் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, மேலிடத்தில் பேசுகிறேன் என்றார்.

"போயிடலாமா?" என்று இவரிடம் கேட்டேன்.

"நடுவுல எழுந்தா திரும்பிப் பாப்பாங்க," என்றார்.

முடிந்ததும் வடையும் தேநீரும் கொடுத்தார்கள். தட்டோடு பக்கத்தில் வந்து நின்ற பெரியவர் ஒருவர், ஏதோ மளிகைக் கடைக்காரர், இவரிடம் பேச்சுக் கொடுத்தார். எந்தத் தெரு என்று கேட்டார். இவர் சொன்னார்.

"அப்ப அந்த ஜாகாவத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்."

"எப்படிப்பட்ட ஆளு?"

இவர் தட்டில் இருந்த வடையைப் பிட்டார். "சாதாரண ஆளுதான்," என்றார்.

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு வடை எடுக்கப் போனார். பஸ்ஸில் வரும்போது நான் அழுதேன். இவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார், காற்று கண்ணில் படுகிறது என்று நினைத்தாரோ என்னவோ.

வருகிறவர்கள் குறைந்துபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மனிதர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வாசலிலேயே நின்றார். பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டுவதாகச் சொன்னார். கடையில் இறந்துபோன அந்தப் பெண்ணின் புருஷன் என்றார். இவர் எழுந்து நின்றார். இன்றைக்கு அடி விழும் என்றுதான் நினைத்தேன். இவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார்.

அந்த மனிதர் உட்கார்ந்தார். "அண்ணே, நீங்க வாசல்ல இருந்து அவளப் பாத்தீங்களா?" என்றார். "அதுக்கு முன்னாடி. அவள் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தா?"

இவருக்கு முதலில் கேள்வி புரியவில்லை. கூட்டம், ரவை என்று தொடங்கினார்.

"அது வேணாம் அண்ணே. அதுக்கு முன்னாடி."

இவர் நிதானமாக உட்கார்ந்தார். "பாத்தேன். காப்பு போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கைக்கு ஏறல. அந்தப் பையன் சோப்புத் தண்ணி எடுத்துட்டு வந்தான். போட்டதுக்கப்புறம் கழட்ட வரல. ரெண்டு பேருக்கும் சிரிப்பு. 'கழட்ட வரலன்னா காசு குடுக்காம போயிடுவேன்'னு சொன்னாங்க. பையன், 'கைய விட்டுட்டுப் போங்க அக்கா'ன்னான்."

"சிரிச்சாளா?"

"நல்லா சிரிச்சாங்க. எனக்கு வாசல்ல கேட்டுச்சு."

 அந்த மனிதர் நான் கொடுத்த காப்பியை முழுவதும் குடித்தார். எழுந்திருக்கும்போது, "எல்லாரும் வீட்டுக்கு வந்து என்கிட்ட சட்டம் பேசுறாங்க அண்ணே. பேப்பர்காரனும் வந்தான், அரசாங்கம் என்ன செய்யணும்னு கேட்டான். எனக்கு என்ன தெரியும்? இதச் சொல்ல ஆளில்லாமத்தான் அலைஞ்சேன்," என்றார். இவர் மாடிப்படி முழுக்க இறங்கி, முழங்கால் வலியோடு, அவரை பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டு வந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவராக வெளியே இறங்கியது அன்றுதான்.

அடுத்த வருடம், கொள்ளையர்களில் இரண்டு பேரைக் எதிர்க்கரையில் ஒரு வீட்டில் போலீஸ் சுட்டுக் கொன்றது. மூன்றாவது ஆள் என்ன ஆனான் என்று தெரியாது. கோப்பிக் கடையில் பேப்பரை விரித்து இவரிடம் காட்டினார்கள். ஏதோ இவரே சுட்டது போல முதுகில் தட்டி, கோப்பி வாங்கிக் கொடுத்தார்கள். இவர் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "சின்னப் பசங்களா இருக்கானுங்க," என்றார். 

அதற்கு முன்பே, கடையை மறுபடி திறந்தபோது இரும்புக் கம்பிக் கதவு போட்டு, மணி அடித்தால்தான் திறப்பது என்று ஆக்கினார்கள். முதலாளி வாசலுக்கு இரண்டு துப்பாக்கி வைக்கப்போவதாகச் சொன்னார். இவர் சண்டை எதுவும் போடாமல் விலகிக்கொண்டார். எதிர்க்கரையில் ஜுருவில் பழைய கார் விற்கும் ஒரு கடையில் காவல் வேலை கிடைத்தது. ஒரு டார்ச்சும் ஒரு தடியும் கொடுத்தார்கள். தினமும் ஃபெர்ரி ஏறிப் போய்வர வேண்டும், சம்பளம் குறைவு. ஆனால் அங்கே அவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதுவே போதும் என்றார்.

இந்த விஷயம் அத்தோடு எங்களை விட்டுவிடும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளில் டிவி செய்தியில் அடிக்கடி வரத் தொடங்கியது. எங்கோ தூர தேசத்தில் ஒருவன் துப்பாக்கியோடு ஒரு கட்டிடத்துக்குள் போவான். மெழுகுவர்த்தி காட்டுவார்கள், பூ காட்டுவார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். மொழி எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் அடுத்த வாக்கியம் என்னவென்று எனக்குத் தெரிந்துவிடும். எல்லார் கையிலும் இருந்திருந்தால். யார் கையிலும் இல்லாதிருந்தால். காலைப் பார்த்து ஒன்று விட்டிருந்தால். மறுநாள் எங்கள் கோப்பிக் கடையிலும் அதையே பேசுவார்கள். நம் நாட்டில் சட்டம் கடுமை, அதனால்தான் இந்த அளவோடு போகிறது என்று ஒருவர் முடித்து வைப்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். சட்டம் கடுமையாக இருக்கட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். யாராவது கேட்டால் சொல்வேன். ஆனால் சொல்லும்போதே வாய் அலுத்துவிடுகிறது.

அப்படி ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் ஒன்றைக் காட்டினார்கள். பிள்ளைகள் தலையில் கை வைத்தபடி வரிசையாக வெளியே வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சீன அம்மாவும் எங்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு நல்ல வயதாகியிருந்தது. என் கணவரைப் பார்த்து மலாயில், "ஏன் இப்படி?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூட எங்களிடம் அந்த மாதிரி எதுவும் கேட்டதில்லை.

இவர் தெரியவில்லை என்று கையை விரித்தார். எழுந்து போய் டிவியை அணைக்கவில்லை; சத்தத்தை மட்டும் குறைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு உனக்கு எந்த ஷிப்ட்?" என்றார்.

"காலை," என்றேன்.

"அப்ப நானே சோறு வைக்கிறேன். நீ கொஞ்சம் படு."