அம்பாரத்தின் மேல் ஒரு சப் கலெக்டர்

போன வாரம் திருவையாறு தாண்டிப் போகும்போது, சாலையோரக் கொள்முதல் நிலையத்தில் நனைந்த நெல் குவிந்து கிடந்தது. கார்க் கண்ணாடியை இறக்கினேன். ஊறிய நெல் சூடேறினால் வருமே ஒரு புளித்த வாடை, அது முகத்தில் அடித்தது. "ஏசி ஓடுது, கண்ணாடிய ஏத்துங்க" என்றாள் மனைவி. ஏற்றினேன். ஓய்வு பெற்ற அரசுச் செயலாளருக்கும் உத்தரவு போட வீட்டில் ஆள் உண்டு. ஆனால் மனசு அதற்குள் கும்பகோணத்துக்கு ஓடிவிட்டது.

அங்கேதான் சப் கலெக்டராக எனக்கு முதல் வேலை. முகத்தில் அதிகாரம் தெரிய வேண்டுமே என்று மீசை வளர்த்திருந்தேன். அதை நம்பித்தான் காலம் தள்ளினேன். ஆட்சி மாறிய புதிது. வரப்புக்கு வரப்பு கொடி. பயிற்சியில் எனக்குக் குதிரை ஏறக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் வழுக்காமல் வரப்பில் நடக்கத் தெரிந்தால் போதும் என்று யாரும் சொல்லவில்லை.

திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமம். புருஷன் இறந்த பிறகு அவன் குத்தகை நிலத்தைச் செல்லம்மாள் என்ற பெண் தானே பயிரிட்டு, குறுவை அறுத்து, களத்தில் அம்பாரமாக நெல்லைக் குவித்திருந்தாள். வீட்டில் அடுத்த அறுப்பு வரைக்கும் சோறு அதுதான். குத்தகை புருஷனோடு போயிற்று, நெல் என்னுடையது என்றார் நிலத்துக்காரரான மிராசுதார். இரண்டு பக்கமும் கம்போடு ஆட்கள் நின்றார்கள். கைகலப்பு வராமல் பார்த்துக்கொள்ள என்னை அங்கே அனுப்பினார்கள். வழக்கு தீரும்வரை யாரும் தொடக்கூடாது என்று மேலேயிருந்து உத்தரவு. தலையாரி சாம்பலைக் கரைத்து, அம்பாரத்தைச் சுற்றிக் குறி போட்டார். ஒரு கை நெல் அள்ளினாலும் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். போலீசுக்குப் பயப்படாதவர்கள்கூட அந்தச் சாம்பல் கோட்டுக்குப் பயந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் வானம் கறுத்தது. மூடுவதற்கு வைக்கோல் பக்கத்திலேயே போராகக் கிடந்தது. அதுவும் வழக்கில் இருந்தது. "மழை வருது, யாராவது மூடுங்க" என்று பொதுவாகச் சொன்னேன். ஒருத்தரும் அசையவில்லை.

மிராசுதார் சிரித்துக்கொண்டே வந்தார். "சார், இந்த ஊர்ல அம்பாரத்த யாரு மூடுறானோ அவனுதுதான் நெல்லு. என்னைய மூடச் சொல்றீங்களா?"

செல்லம்மாள் முன்னே வந்தாள். "நான் மூடுறேங்க. மூடுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நானா தொட்டா திருட்டுக் கேசுல உள்ள தள்ளிடுவாங்க."

அந்த ஒரு வார்த்தைதான் என் வாயிலிருந்து வரக்கூடாது. யாரைக் கை காட்டினாலும் அது தீர்ப்பாகிவிடும். தபாலாபீசுக்கு ஓடிப்போய்ப் போனில் தஞ்சாவூரைப் பிடித்தேன். "மந்திரி வந்து பேசுறவரைக்கும் நீங்க எதுவும் சொல்லக்கூடாது. அங்கேருந்து நகரவும் கூடாது" என்றார் கலெக்டர். மழை வருது சார் என்றேன். "அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்று போனை வைத்துவிட்டார்.

திரும்பி வந்து களத்தில் நின்றேன். பேசவும் முடியாது, போகவும் முடியாது. மாஜிஸ்திரேட் அதிகாரம் அத்தனையும் என் கையில். முதல் தூறல் விழுந்தது. ஊரே வானத்தைப் பார்த்தது. செல்லம்மாள் மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்ன தோன்றியதோ, ஜீப்பின் கூரைத் துணியை அவிழ்த்து இழுத்துக்கொண்டு அம்பாரத்தின்மேல் ஏறினேன். பூட்ஸ் நெல்லில் புதைந்தது. பாதியில் சறுக்கி உட்கார்ந்து, மறுபடி ஏறி, துணியை விரித்து, ஓரத்தைப் பிடித்தபடி உச்சியில் குந்திக்கொண்டேன். நீங்கள் சிரிப்பீர்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே கூச்சல்: "அப்ப நெல்லு சர்க்காருக்கா?"

மூடினவனுக்குத்தானே நெல்! சப் கலெக்டர் நெல்லைப் பறித்துக்கொண்டார் என்று இரு தரப்பும் அன்றே தந்தி கொடுத்தன. அவர்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மழை கொட்டியது. ஜீப் துணி உச்சியைத்தான் மூடியது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டிருந்தேன். செல்லம்மாள் சாம்பல் கோட்டை மிதிக்காமல் கிட்டே வந்து நின்றாள். "எறங்குங்க சார். அடியில தண்ணி பூந்துடுச்சு."

எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. வழக்கில் கடைசியில் செல்லம்மாள்தான் ஜெயித்தாள். அதற்குள் நெல் முளைவிட்டு, வாத்துத் தீனிக்குப் போயிருந்தது. அந்த வருஷம் அவள் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்ல எந்த ஃபைலும் என் மேஜைக்கு வரவில்லை.

இப்போது மிஷின் வயலிலேயே அறுத்து அடித்து நெல்லை லாரியில் கொட்டிவிடுகிறது. களமும் இல்லை, சாம்பல் குறியும் இல்லை. அவை போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. சென்னைக் கோட்டையில் செயலாளராக உட்கார்ந்த பிறகு எத்தனையோ மழை வந்தது. ஒவ்வொரு தடவையும் மேலிடத்துக்குப் போன் போட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருந்தேன். நிதானமான அதிகாரி என்று நல்ல பெயர் எடுத்தேன். உத்தரவு இல்லாமல் நெல்லின்மேல் ஏறினானே ஒரு கிறுக்கன், அவனைத்தான் அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.