சுவருக்கு அந்தப் பக்கத்துக் கோழிகள்

கும்மிடிப்பூண்டியில் விடியற்காலை என்பது பாதி பனி, பாதி புகை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் கம்பி ஆலையின் சுற்றுச்சுவர். அதற்கு அந்தப் பக்கம் வேலிகாத்தான் காடு. வெளிச்சம் வருகிற நேரத்தில் அந்த முள்மரங்களிலிருந்து கோழிகள் இறங்கும். அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக, பனிக்குள் எங்கிருந்தோ வந்து தரையில் நிற்கும். பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பேன். கனவு இன்னும் முடியவில்லையோ என்று தோன்றும். அதற்குள் என் கம்பெனி வேன் ஹாரன் அடித்துவிடும்.

அவற்றுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. ஏரிக்கரை அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல்கள் கொஞ்சம், எப்போதோ சாலையில் கவிழ்ந்த கறிக்கோழி வண்டியிலிருந்து தப்பித்தவை கொஞ்சம், எல்லாம் சேர்ந்து காட்டுக்குள் குடித்தனம் நடத்துகின்றன என்று பேச்சு. எது அம்மன் கோழி, எது வண்டிக் கோழி என்று தெரியாது. அதனால் யாரும் பிடித்துக் குழம்பு வைப்பதில்லை. சாமி குத்தத்துக்குப் பயந்தே ஊர் அவற்றைப் பெருக விட்டுவிட்டது.

அந்த ஆலையில்தான் என் வீட்டுக்காரர் கம்பிகளின் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். ஆலையை மூடியபோது அவர் வாயையும் சேர்த்து மூடிவிட்டார்கள். பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். என்ன கேட்டாலும் 'ம்' என்பார், அவ்வளவுதான்.

நான் சும்மாவே சத்தம் போடுகிறவள். அவர் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டால் அது தெருக்கோடி வரைக்கும் தெரிந்துவிடும். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் எனக்குக் குரலே எழும்பவில்லை. அவர் துண்டை எங்கே போட்டாலும் எடுத்துக் காயவைத்தேன். மகளும் கல்யாணமாகித் திருநின்றவூருக்குப் போய்விட்டாள். வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிட்டது. இந்த மனிதர் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து என் கண்ணெதிரில் இல்லாமல் போய்விடுவாரோ என்று நிஜமாகவே பயந்தேன்.

ஒருநாள் எங்கள் பக்கத்துப் புதரில் அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு காட்டுப்பெட்டையைக் கீரி கடித்துப் போட்டிருந்தது. முட்டைகளில் இன்னும் சூடு இருந்தது. முந்தானையில் ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன். அவர்கள் பழவேற்காட்டிலிருந்து வந்து இங்கே கருவாடு வியாபாரம் செய்கிற பாய் வீட்டுக்காரர்கள். அவர்களுடைய கோழி அப்போது அடைக்கு உட்கார்ந்திருந்தது.

"அம்மன் கோழியா இருந்தா இன்னாம்மே, துன்னாதான தப்பு? பொரிக்க வெக்கலாம்" என்று அக்காவே தீர்ப்புச் சொன்னார். மேலே பார்த்தார். "வானம் உறுமிக்கினு கீது. இரும்பு எதுனா எட்த்துக்கினு வா. இல்லன்னா எல்லாம் கூமுட்டையா பூடும்."

இடிச்சத்தம் முட்டையைக் கெடுக்காமலிருக்க அடைக்கூடையில் ஒரு கரித்துண்டும் ஓர் இரும்புத்துண்டும் போடுவார்கள். நான் வீட்டுக்கு வந்து ஆணி தேடுவதைப் பார்த்துவிட்டு அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆலையிலிருந்து எப்போதோ கொண்டுவந்திருந்த கம்பித்துண்டு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"இன்னா ஜாதிக் கோழி?" என்றார்.

வெகுநாளைக்குப் பிறகு அவராகக் கேட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே நல்லதாய்ப் போயிற்று.

அக்கா வீட்டில் பொரிந்து எங்கள் வீட்டுக்கு வந்த குஞ்சுகளில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்றுக்குக் கழுத்தில் மயிரே கிடையாது. ஒன்று கரிக்கட்டை. ஒன்று வெள்ளை வெளேரென்று, எந்நேரமும் தின்றபடி. இன்னொன்று காலே உடம்பாக வளர்ந்தது. அவர் போனில் கோழி வீடியோக்களாகப் பார்க்க ஆரம்பித்தார். கரிக்கட்டையைப் பிடித்து அலகைத் திறந்து நாக்கைப் பார்த்தார். கருங்கோழி என்றால் நாக்கும் கறுப்பாக இருக்குமாம். இது ரோஜாப்பூ நிறத்தில் நாக்கைக் காட்டியது.

"அப்ப நாட்டுக்கோழிதான்" என்றார். முடிவு கட்டிவிட்ட குரல். கேள்வி தீர்ந்துவிட்டால் மறுபடியும் 'ம்'தானே?

"யோவ், உனக்குக் கண்ணு இன்னா பின்னாலயா கீது? நாட்டுக்கோழிக்கு இவ்ளோ மொத்தமா காலு இருக்குமா?" என்று கத்தினேன். காலின் பருமனைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அவர் மறுபடியும் போனை எடுத்தார்.

அதற்கப்புறம் அதுவே என் பிழைப்பாகிவிட்டது. அவர் சிறுவிடை நாட்டுக்கோழி என்றால் நான் வண்டிக்கோழி என்பேன். அவர் வண்டிக்கோழி என்று ஒத்துக்கொண்டால், பின்னே எப்படி மரம் ஏறுகிறது என்பேன். வேலையிலிருந்து திரும்பும்போது வேனின் சன்னலோரம் சாய்ந்து, இன்றைக்கு என்ன சந்தேகத்தைக் கிளப்பலாம் என்று யோசித்துக்கொண்டே வருவேன். சாயங்கால வெயிலில் ஆலைக் கூரைகள் எல்லாம் தண்ணீரில் மிதப்பது மாதிரி தெரியும். வீட்டுக்குப் போக ஆசையாக இருக்கும். அந்த ஆசை வந்து எத்தனை காலமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

கால் நீண்ட குஞ்சு பெரிய சேவலாகிவிட்டது. அதன் படத்தை அவர் ஏதோ கோழி வளர்ப்போர் குழுவில் போட, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலைமுறையாகச் சண்டைச்சேவல் வளர்க்கிறவராம். ஒரு பார்வை பார்த்தாலே சொல்லிவிடுவாராம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"சேவல் ஊட்ல இல்ல. வெளிய போய்க்கீது" என்றேன். அந்தக் கடன்காரச் சேவல் என் பின்னாலிருந்தே கூவியது.

வந்தவர் அதை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டார். காலைத் தடவினார், நெஞ்செலும்பை அமுக்கினார், இறகை ஊதிப் பிரித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நைனா, இது எந்த ஜாதியும் இல்ல. தாத்தா சண்டக்காரன், பாட்டி கறிக்கடக்காரி. நடுவுல யாரு யாரோ பூந்துக்கீறாங்க. இதோட கூடப் பொறந்ததும் எல்லாம் அப்படித்தான். இதுக்குலாம் பேரு கெடயாது."

டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். சேவல் சுவர்மேல் ஏறி அந்தப் பக்கம் பார்த்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பழையபடி சுவரைப் பார்த்து நகர்த்திப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று டம்ளர்களைக் கழுவினேன்.

"அந்தாளு சொன்னா ஆச்சா? அவருக்கு இன்னா தெரியும்?" என்று சமையலறையிலிருந்தே ஆரம்பித்துப் பார்த்தேன்.

"கரீட்டாதாம்மே சொல்லிக்கினு போறாரு" என்றார் அவர். வாசற்படியில் வந்து நின்றிருந்தார். "ரெக்க மொளைக்கும்போதே எனக்குத் தெரியும், கலப்புன்னு. நான் பாக்காத தரமா?"

"தெரிஞ்சிக்கினேவா இத்தினி நாளா என்னோட மல்லுக்கட்டுன?"

அவர் என்னைப் பார்க்காமல் கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தார். "கம்பெனி மூடுனதுல இருந்து நீ என்னிய ஒரு வார்த்த திட்டல. சாவப்போறவன பாக்குற மாரி பாத்துக்கினு இருந்த. எனக்கு ரொம்ப பேஜாரா இருந்திச்சி. கோழின்னா கத்துன. செரி, கத்தட்டும்னு வுட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே, கட்டிலில் கிடந்த ஈரத்துண்டிலிருந்து ஆரம்பித்து, அவருடைய அம்மா வீட்டுச் சொந்தம் வரைக்கும் ஒன்று விடாமல் திட்டினேன். என்ன தகராறு என்று பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த பிறகும் நான் நிறுத்தவில்லை.